நுரையீரல் மருத்துவரும் அரசுக் காப்பீட்டு அட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடாத இருமல், படியேறினால் இளைப்பு, சளியில் ரத்தக் கீற்று என்று ஏதோ ஒன்று தலைகாட்டியதும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். யாரிடம் காட்டுவது? அட்டை செல்லுமா? தமிழ்நாட்டில் அட்டை என்றால் பெரும்பாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைதான். 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கிய காப்பீடு, 2012 ஜனவரியில் இந்தப் பெயரில் புதிய வடிவம் பெற்றது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இந்தப் பக்கம் முக்கியமாக அந்த அட்டையைப் பற்றியது. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் வழி வேறு. அதையும் பின்னால் சொல்லியிருக்கிறேன்.

அட்டையை ஏற்றுக்கொள்ளும் நுரையீரல் மருத்துவர்களின் பட்டியல் எங்கே கிடைக்கும்?

அப்படி ஒரு பட்டியல் இல்லை. பலர் நாள்கணக்கில் தேடி அலுத்துப்போவது இதனால்தான். இந்தத் திட்டத்தில் அங்கீகாரம் பெறுவது மருத்துவமனை, மருத்துவர் இல்லை. அந்த மருத்துவமனைக்கும் எல்லாத் துறைகளிலும் ஒட்டுமொத்தமாக அங்கீகாரம் கிடைத்துவிடாது. துறை துறையாகக் கிடைக்கும். வாசலில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பலகை மாட்டியிருக்கும், உள்ளே போனால் எலும்பு முறிவுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் மட்டுமே அங்கீகாரம் இருக்கும். நுரையீரலைப் பார்க்கும் நெஞ்சக நோய்ப் பிரிவு அதில் இருக்காது.

ஒரே மருத்துவர் காலையில் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் உள்நோயாளிகளைப் பார்ப்பார், மாலையில் சொந்த கிளினிக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்ப்பார். கிளினிக்கில் அட்டையை நீட்டிப் பயனில்லை. அவர் மறுப்பதில் தவறும் இல்லை. எனவே "எந்த மருத்துவர்?" என்று தேடாமல், "நெஞ்சக நோய்க்கு அங்கீகாரம் உள்ள மருத்துவமனை என் மாவட்டத்தில் எது?" என்று தேடுங்கள்.

வெறும் ஆலோசனைக்கும் மருந்துச்சீட்டுக்கும் அட்டை செல்லுமா?

செல்லாது. இந்தக் காப்பீடு அடிப்படையில் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. பட்டியலில் உள்ள சில பரிசோதனைகளும் தொடர் சிகிச்சைகளும் இதில் விதிவிலக்கு. தனியார் மருத்துவமனையில் புறநோயாளியாக மருத்துவரைப் பார்க்கும் கட்டணம், மாதாமாதம் வாங்கும் இன்ஹேலர், வழக்கமான ரத்தப் பரிசோதனை ஆகியவை உங்கள் கைக்காசு.

நுரையீரல் நோயாளிகளை இது மிகவும் பாதிக்கிறது. ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் பெரும்பாலும் புறநோயாளிப் பிரிவிலேயே கட்டுப்படுத்த வேண்டிய நோய்கள். ஒழுங்காக இன்ஹேலர் எடுத்தால் பலருக்கு ஐ.சி.யு. வாசலை மிதிக்கவே தேவையிருக்காது. ஐ.சி.யு.வுக்குப் பணம் தரும் திட்டம் இன்ஹேலருக்குத் தருவதில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் நடைமுறை இதுதான். அந்த இடைவெளியை நிரப்புவது அரசு மருத்துவமனையின் ஓ.பி. பிரிவு.

அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையை எப்படிக் கண்டுபிடிப்பது?

திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டவாரியாக மருத்துவமனைப் பட்டியல் இருக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. இரண்டில் தொலைபேசியையே நான் பரிந்துரைப்பேன். இணையப் பட்டியலைப் பார்த்துப் புறப்பட்டு, அங்கே போனபின் அந்தத் துறை இப்போது இல்லை என்று கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

அழைக்கும்போது மூன்று விவரங்களைக் கேளுங்கள்: உங்கள் அட்டை நடப்பில் இருக்கிறதா, இந்த ஆண்டுக்கான தொகையில் மீதம் எவ்வளவு, நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் உங்கள் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் எவை. அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்றால் நெஞ்சக அறுவை சிகிச்சைப் பிரிவு என்று தனியாகக் கேட்க வேண்டும். மருந்தால் குணப்படுத்தும் நெஞ்சக மருத்துவமும் கத்தி எடுக்கும் நெஞ்சக அறுவை சிகிச்சையும் வேறு வேறு துறைகள்.

அதன்பின் அந்த மருத்துவமனைக்கே பேசி, காப்பீட்டுத் திட்டத் தொடர்பு அலுவலரிடம் இணைக்கச் சொல்லுங்கள். வரவேற்பறையில் இருப்பவருக்கு இது முழுமையாகத் தெரியாது. "எல்லாம் செல்லும், நேரில் வாருங்கள்" என்பதுதான் பெரும்பாலும் அவர் பதில்.

அரசு மருத்துவமனையில் நல்ல நுரையீரல் மருத்துவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். காசநோயுடன் நூறாண்டு போராடிய வரலாறு தமிழ்நாட்டின் நெஞ்சக மருத்துவத்துக்கு உண்டு. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வரக் காரணமான மருத்துவமனையை 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கினார். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் அடைத்துவைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே பலன்தான் என்று 1959-இல் காட்டியது. உலகம் காசநோய்க்கு மருத்துவம் பார்க்கும் முறையையே மாற்றிய ஆய்வு அது.

சென்னையில் தாம்பரம், சேத்துப்பட்டு நெஞ்சக நோய் நிலையம், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவு ஆகியவை இருக்கின்றன. மதுரைக்காரர்களுக்குத் தோப்பூரிலும், தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்குச் செங்கிப்பட்டியிலும் அந்தக் காலத்துச் சானடோரியம் வழிவந்த மருத்துவமனைகள் உண்டு. இவை தவிர அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக மருத்துவத் துறை இயங்குகிறது. ஓ.பி. காலையில்தான், பதினொன்றரைக்குப் போய் நின்றால் மறுநாள் வரச் சொல்லக்கூடும்.

வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆலோசனையும் மருந்தும் இலவசம். சி.டி. ஸ்கேன் போன்றவற்றுக்குக் குறைந்த கட்டணம் இருக்கலாம். காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் அட்டையில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். குறைகளும் உண்டு. கூட்டம், காத்திருப்பு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இளம் மருத்துவர் பார்ப்பது என எல்லாம் இருக்கும். ஓ.பி. சீட்டை பத்திரமாக வைத்திருந்து, எந்த யூனிட், எந்தக் கிழமை என்று குறித்துக்கொண்டு, அதே கிழமையில் போனால் அதே குழுவே உங்களைத் தொடர்ந்து பார்க்கும்.

எடுத்த எடுப்பிலேயே சளிப் பரிசோதனை எழுதுகிறார்களே, எனக்குக் காசநோய் என்று சந்தேகமா?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் யாராக இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நடைமுறை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளிதான் வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் முடிவு தவறாக வரும்.

காசநோய் என்று உறுதியானால் காப்பீட்டு அட்டையைத் தேடவே வேண்டாம். பரிசோதனையும் மருந்தும் தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் முழுக்க இலவசம். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை. சிகிச்சைக் காலம் முழுவதும் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய் வரும். 2024 நவம்பருக்கு முன்பு இது 500 ரூபாயாக இருந்தது. தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்களுக்கும் இது உண்டு. காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். உங்கள் பெயர் பதிவாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவாகாமல் பணம் வராது.

ஒருவர் உண்மையிலேயே நுரையீரல் நிபுணர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர்ப்பலகையில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். நெஞ்சக மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி., காசநோய் மற்றும் நெஞ்சக நோய்க்கான டி.டி.சி.டி. பட்டயம், அதற்கும் மேல் பல்மனரி மெடிசினில் டி.எம். ஆகியவையே இந்தத் துறைக்கான படிப்புகள். வெறும் பொது மருத்துவ எம்.டி. தரக்குறைவு என்று பொருளில்லை. சாதாரண நிமோனியாவை அவரே நன்றாகப் பார்ப்பார். நுரையீரல் தழும்பு நோய், மருந்துக்கு அடங்காத ஆஸ்துமா, எக்ஸ்ரேயில் காரணம் தெரியாத நிழல் ஆகியவற்றுக்குத்தான் துறை நிபுணர் அவசியம். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். "ஆஸ்துமாவுக்கு நிரந்தரத் தீர்வு" என்று சுவரொட்டி ஒட்டுகிறவரிடம் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், ஆள் பேச்சை மாற்றுவார்.

நுரையீரல் நோயில் எவற்றுக்கு அட்டை பயன்படும்?

வென்டிலேட்டர் தேவைப்படும் அளவுக்கு மூச்சுத் திணறல், கடுமையான நிமோனியா, நுரையீரலைச் சுற்றி நீர் அல்லது சீழ் கோத்துக் குழாய் வைக்க வேண்டிய நிலை, நுரையீரல் அறுவை சிகிச்சைகள், நுரையீரல் புற்றுநோய்க்கான கீமோவும் கதிர்வீச்சும் போன்றவை. நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குக் கூடத் தனி நிதி ஒதுக்கீட்டில் உதவி உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் சில அரசு மருத்துவமனைகளில் செய்துகொள்வதற்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. எனவே "நிமோனியா பட்டியலில் இருக்கிறது" என்று யாரோ சொன்னதை நம்பித் தனியாரிடம் சேராமல், உங்கள் நிலைக்கு ஒப்புதல் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஒப்புதல் இப்படி நடக்கும்: மருத்துவமனை உங்கள் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்த வாயுப் பரிசோதனை முடிவுகளைக் கணினி வழியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கிருக்கும் மருத்துவர்கள் பார்த்து ஒப்புதல் தருவார்கள் அல்லது கூடுதல் ஆவணம் கேட்பார்கள். அவசர நிலையில் தொலைபேசி வழியாக ஒப்புதல் பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கவும் வழி உண்டு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரே தொகுப்புக் கட்டணம். படுக்கை, மருந்து, பரிசோதனை, உணவு எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஒப்புதல் வந்தபின்னும் "மருந்துக்குத் தனியாகக் கட்டுங்கள்" என்றால்?

கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டிய நெருக்கடி என்றால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். வழக்கமாக நடப்பது இது: இரவு எட்டு மணிக்கு ஐ.சி.யு. வாசலில் ஒருவர் துண்டுச்சீட்டை நீட்டி, "இந்த ஊசி பேக்கேஜில் வராது, கீழே மருந்தகத்தில் வாங்கி வாருங்கள்" என்பார். அந்தச் சீட்டில் மருத்துவமனை முத்திரை இருக்காது, மருத்துவர் கையெழுத்தும் இருக்காது. "எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், தொடர்பு அலுவலரிடம் கேட்டுவிட்டு வாங்குகிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பல நேரங்களில் அந்த ஊசி வார்டிலேயே கிடைத்துவிடும்.

நீங்களாகவே தனி அறை கேட்டால் அது வேறு கதை. அதற்கான வித்தியாசத் தொகை உங்களுடையது.

அட்டை இல்லை. யார் வாங்கலாம், எப்படி?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022-க்கு முன் இது 72,000 ஆக இருந்தது. அப்போது மறுக்கப்பட்டு, பிறகு முயலாமலே இருப்பவர்கள் பலர். குடும்ப அட்டை, ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இருப்பவர்களுக்கே காப்பீடு. மகன் வீட்டில் இருக்கும் அப்பாவின் பெயர் ஊரில் வேறு குடும்ப அட்டையில் இருந்தால், மகனின் காப்பீடு அப்பாவுக்குப் பயன்படாது. இந்தச் சிக்கல் நெருக்கடி நேரத்தில்தான் வெளியே வருகிறது. இன்றே குடும்ப அட்டையை எடுத்துப் பாருங்கள்.

முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது. தனியார் காப்பீடும் இல்லை.

மேலே சொன்ன அரசு நெஞ்சக நோய்ப் பிரிவுகளுக்குப் போங்கள். மாதம் நாற்பதாயிரம் சம்பாதிப்பவர் அரசு மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்று சட்டமில்லை. அங்கே ஒருமுறை முழுப் பரிசோதனை செய்து நோய் இன்னதென்று தெரிந்துகொண்டால், பிறகு பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடமே குறைந்த செலவில் தொடரலாம்.

எனக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. நேராகத் தனியார் நிபுணரிடம் போகலாமா?

கூடாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கான இ.எஸ்.ஐ.யில் படிப்படியாகத்தான் போக வேண்டும்: முதலில் உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கே வசதி இல்லையென்றால் அவர்களே பரிந்துரைக் கடிதம் தந்து ஒப்பந்தத் தனியார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கடிதம் இல்லாமல் போனால் செலவு உங்கள் தலையில் விழும். அலைச்சல் அதிகம்தான், ஆனால் புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் இதில் அடக்கம் என்பதால் ஆஸ்துமாக்காரருக்கு முதலமைச்சர் அட்டையைவிட இ.எஸ்.ஐ.யே உதவி.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, உரிய பணிக்காலமும் சந்தா நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். பஞ்சு மில், கல் உடைக்கும் இடம், வார்ப்பட ஆலை ஆகியவற்றில் வேலை செய்பவர் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லி எழுதவையுங்கள். பஞ்சுத் தூசியால் வரும் நோயும் சிலிக்கா தூசியால் வரும் சிலிகோசிஸும் தொழில்சார் நோய்கள். அவற்றுக்கு இழப்பீட்டு உரிமை தனியாக உண்டு. மருத்துவக் குறிப்பில் தொழில் எழுதப்படாவிட்டால் பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு.

அரசு ஊழியர், ஓய்வூதியர்?

உங்களுக்குத் தமிழக அரசின் தனிக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. மருத்துவமனைப் பட்டியலும் தனி. முதலமைச்சர் திட்டத்தின் பட்டியலைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகள் அதேதான்.

இன்ஹேலர் செலவைச் சமாளிக்க முடியவில்லை.

அரசு மருத்துவமனையில் அடிப்படை இன்ஹேலர்களும் மருந்துக் குப்பிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலும் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விசாரியுங்கள். வித்தியாசம் கணிசமாக இருக்கும்.

அதைவிடப் பெரிய வீண்செலவு, தவறாக இழுப்பது. குப்பியை அழுத்திய பிறகு ஒரு நொடி கழித்து மூச்சிழுத்தால் மருந்து தொண்டையில் படிந்துவிடும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துப்போய், நர்ஸ் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் இடைக்குழாய் (ஸ்பேசர்) தேவையா என்றும் கேளுங்கள். இன்ஹேலர் எடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவோம் என்ற பேச்சை இத்தனை ஆண்டுகளாகியும் நாம் விடவில்லை. அது பொய்.

முதல் முறை போகும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும், ஐந்து வருடத்துக்கு முந்தையதையும் சேர்த்து. இன்று தெரியும் நிழல் அன்றும் இருந்ததா என்பது நோயை அறியப் பெரிய துப்பு. ஸ்கேன் என்றால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படமும் வேண்டும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில வறட்டு இருமலைத் தரும்; மாத்திரையை மாற்றினாலே இருமல் நின்றுபோனவர்கள் உண்டு.

கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை: பீடி சிகரெட் எத்தனை வருடம், வீட்டில் விறகடுப்பா, மாடியில் புறா வளர்க்கிறீர்களா, என்ன வேலை செய்தீர்கள். புகைக்காத பெண்ணுக்கு நுரையீரல் அடைப்பு நோய் எப்படி என்று திகைப்பவர்கள், அவர் முப்பது வருடம் ஊதிய விறகடுப்பை மறந்துவிடுகிறார்கள்.

மூச்சுத்திறன் பரிசோதனை எழுதினால் பயப்பட வேண்டாம். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கவ்வக் கொடுத்து, மூச்சை முழுக்க இழுத்து ஒரே வீச்சில் ஊதச் சொல்வார்கள். "இன்னும், இன்னும், நிறுத்தாதீர்கள்" என்று டெக்னீஷியன் சத்தம் போடுவார், அது கோபமில்லை. பாதியில் விட்டால் திரும்ப முதலிலிருந்து ஊத வேண்டும். அன்று காலை இன்ஹேலர் எடுக்கலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது பட்டியலையும் அட்டையையும் மறந்துவிட்டு ஓட வேண்டும்?

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவு மூச்சு வாங்குதல், உதடும் நகமும் நீலம் பாரித்தல், திடீர் நெஞ்சுவலியோடு திணறல், வாய் நிறைய ரத்தம், குழப்பமான பேச்சு. 108-ஐ அழைத்து, பக்கத்தில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் 90-க்குக் கீழே இறங்கினாலும் அப்படியே. நெடுநாள் நுரையீரல் நோயாளிக்கு மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். அட்டை வீட்டில் இருந்தால் ஒருவர் பின்னால் எடுத்து வரட்டும்.

அங்கீகாரம் இருந்தும் சேர்க்க மறுக்கிறார்கள். அட்டையும் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

படுக்கை இல்லை என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். "காப்பீட்டு நோயாளிக்குப் படுக்கை இல்லை, பணம் கட்டினால் உண்டு" என்றால் அங்கிருந்தபடியே 1800 425 3993-ஐ அழைத்து, மருத்துவமனைப் பெயர், நேரம், பேசியவர் பதவி ஆகியவற்றைச் சொல்லிப் புகாரைப் பதிவு செய்து எண் வாங்குங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர் குழுவுக்கு எழுதலாம்; முதல்வரின் உதவி மையம் 1100-லும் தெரிவிக்கலாம். தொலைந்த அட்டைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். காப்பீட்டுக் கவுன்டரில் குடும்ப அட்டை எண்ணைக் கொடுத்தால் உங்கள் பதிவைத் தேடி எடுத்துவிடுவார்கள். ஆதார் நகல் மட்டும் கையில் இருக்கட்டும்.